பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கொடுப்பது, உதவுவது, ஒதுங்கி நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வருடா வருடம் வெளியூரிலிருந்து தம்பிகளும் தங்கைகளும் புதிதாக வந்து சேர்கிறார்கள். பலருக்குச் சென்னை புதிது. வேலையைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகின்றன. டவுன் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் எப்படி நடந்துகொள்வது என்ற சந்தேகம் மட்டும் தீருவதேயில்லை. உதவப் போய்க் கெட்ட பேர் வந்துவிடுமோ என்ற பயம் இன்று நல்ல பையன்களுக்குத்தான் அதிகம். அந்தப் பயத்தாலேயே அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன்.

அக்கா, லேடீஸ் சீட் காலியா இருந்தா நாங்க உட்காரலாமா?

டவுன் பஸ்ஸில் இடது பக்க வரிசைக்கு மேலே 'மகளிர்' என்று எழுதியிருக்கும். பஸ் காலியாக ஓடும் மதிய நேரத்தில் அங்கே உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு பெண் ஏறியதுமே எழுந்துவிட வேண்டும். அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பதுதான் தப்பு. தனக்கென்று எழுதி வைத்திருக்கும் இடத்தை ஒருவர் கெஞ்சி வாங்கும்படி வைக்கக் கூடாது.

வலது பக்கம் இடம் இருந்தால் முதலிலேயே அங்கே போய்விடுங்கள். காலை எட்டு மணிக் கூட்டத்தில் இடது பக்கம் போகவே வேண்டாம்.

வலது பக்கம் பொது சீட்டுதானே? அங்கயும் லேடீஸ் வந்து நின்னா எழுந்திருக்கணுமா?

பொது இருக்கை என்றால் எல்லாருக்குமான இருக்கை. அதனால் அங்கே பெண்கள் உட்காருவதில் தவறே இல்லை. அதே சமயம், பெண் என்பதற்காக மட்டும் நீங்கள் எழுந்திருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் வயதுப் பெண் ஒருத்தி திடமாக நிற்கிறாள் என்றால், நிற்கும் கஷ்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

யாருக்கு நிற்க முடியவில்லை என்று பாருங்கள். கைக்குழந்தைக்காரர், வயதானவர், காலில் கட்டுப் போட்டவர், மேலே கம்பி எட்டாத சின்னப் பிள்ளை, ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர். இவர்களில் ஆணும் உண்டு. அரசு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறுகிற ஐம்பது வயது ஆணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருக்கும் எழுந்து கொடுங்கள்.

எழுந்து இடம் குடுக்கறப்ப என்ன சொல்றது? அம்மான்னா கோபப்படறாங்க, ஆன்ட்டின்னா அதைவிடக் கோபப்படறாங்க.

"உட்காருங்க" என்ற ஒரு சொல் போதும். மரியாதை அந்த 'ங்க'விலேயே வந்துவிடுகிறது. கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அக்கா, அண்ணா என்பது பெரும்பாலும் பழுதில்லை. நரைத்த தலையைப் பார்த்தவுடன் பாட்டி, தாத்தா என்று ஆரம்பிக்காதீர்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் அறுபது வயதுப் பெண்மணிக்கு, பஸ் முழுக்கக் கேட்கும்படி வயதை அறிவிப்பது பிடிக்காது.

இதை அழகாகச் செய்த ஒரு பையனைப் பூந்தமல்லி பஸ்ஸில் பார்த்தேன். கையில் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பெரியவர் ஏறினார். பையன் தன் பையைத் தோளில் மாட்டினான். சீட்டின் முதுகை இரண்டு விரலால் லேசாகத் தட்டி அவரைப் பார்த்தான். பிறகு இறங்கப் போகிறவன்போல முன்பக்கம் நடந்துவிட்டான். பெரியவர் உட்கார்ந்தார். நான்கு நிறுத்தம் தாண்டியும் அவன் முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் இருந்தான். அவனைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டிய நிலைமையே அவருக்கு வரவில்லை.

கர்ப்பமா இருக்காங்களா, இல்ல உடம்பே அப்படியான்னு தெரியல. தப்பா நினைச்சுட்டா?

காரணம் சொல்லி இடம் கொடுத்தால்தானே அந்தச் சிக்கல் வரும்? காரணமே சொல்லாதீர்கள். மேலே சொன்ன பையன் செய்ததுபோல எழுந்து நகர்ந்துவிடுங்கள். "மாசமா இருக்கீங்களா?" என்று மட்டும் எந்தப் பெண்ணிடமும் கேட்க வேண்டாம். எத்தனையோ பேருக்கு அது வலிக்கிற கேள்வி.

வேண்டாம்னு சொல்லிட்டா மறுபடி வற்புறுத்தணுமா? சும்மா இருந்தா மரியாதையில்லாத மாதிரி இருக்கே.

விருந்துக்கு வந்தவரிடம் மூன்று முறை 'இன்னொரு இட்லி' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பஸ்ஸில் அந்தப் பழக்கம் வேண்டாம். ஒரு முறை கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கலாம். முதுகுவலிக்காரருக்கு உட்காருவதைவிட நிற்பது சுகமாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: நம் உதவியை மறுக்கும் வசதி எதிரில் இருப்பவருக்கு எப்போதும் இருக்க வேண்டும். மறுத்தால் நாம் முகம் சுளிக்கக் கூடாது. மறுக்க முடியாதபடி செய்யும் உதவி அவருக்குத் தொந்தரவுதான்.

இடம் குடுத்தா ஒரு தேங்க்ஸ்கூட சொல்றதில்லை. அப்புறம் எதுக்கு குடுக்கணும்?

தேங்க்ஸுக்காகக் கொடுக்கவில்லையே. நம்மூரில் நன்றியை வாயால் சொல்லும் பழக்கம் எல்லா வீட்டிலும் கிடையாது. தலையசைப்பதோடு முடித்துக்கொள்வார்கள். சில பெண்கள் வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறார்கள். சிரித்து நன்றி சொன்னதைப் பழக்கத்துக்கு அழைப்பாக எடுத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரை பேச்சுக் கொடுத்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கெடுத்து வைத்த நம்பிக்கைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? இடம் கொடுத்த கையோடு போனைப் பாருங்கள், வெளியே பாருங்கள். பேச்சை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள்.

நாங்க பொண்ணுங்கக்கா. லேடீஸ் சீட்ல இருக்கறப்ப வயசான தாத்தா நின்னா நாங்க எழுந்திருக்கணுமா?

எழுந்திருக்கலாம், தாராளமாக. பலகையில் உள்ள எழுத்து உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையை ஒருவருக்காக விட்டுக்கொடுப்பது உங்கள் பெருந்தன்மை. இடம் கொடுப்பது ஆண்களுக்கென்று நேர்ந்துவிட்ட வேலை கிடையாது.

ஆனால் உங்களுக்கு முடியவில்லை என்றால் உட்கார்ந்தே இருங்கள். மாதவிடாய் நாளாக இருக்கலாம், இரவு ஷிப்ட் முடித்திருக்கலாம். அதை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. இளம் வயதுக்காரர் எழுந்திருக்கவில்லை என்றால் உடனே 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க' என்று ஆரம்பிக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். வெளியே தெரியாத நோயும் ஆபரேஷன் தையலும் எல்லா வயதிலும் உண்டு.

ஓசில போறவங்களுக்கு, காசு குடுத்து டிக்கெட் எடுத்த நான் சீட்டையும் விடணுமா?

இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு சங்கடப்படுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது. அவர்களுக்கான செலவை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. அது நம் எல்லாருடைய வரிப்பணம். பூக்கூடையோடு ஏறும் அக்கா தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் அதில் வரி கட்டுகிறார்.

நீங்கள் கொடுத்த காசு பயணத்துக்கு. சீட்டை விலைக்கு வாங்கவில்லை. டிக்கெட் எடுத்த எத்தனை ஆண்கள் நின்றுகொண்டு வருகிறார்கள்? பொது சீட்டில் யாருக்கு எழுந்திருப்பது என்று ஏற்கெனவே சொன்னதுதான் இங்கேயும். யார் காசு கொடுத்தார் என்பது அந்தக் கணக்கில் வராது. 'ஓசி' என்ற சொல்லைப் பஸ்ஸுக்குள் உச்சரிக்காதீர்கள். வீட்டு வேலைக்கு மூன்று தெரு ஏறி இறங்கும் பெண் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள்.

எங்க ஊர்ல நிக்கறவங்க பையை வாங்கி மடியில வெச்சுப்போம். இங்க கேட்டா முறைக்கறாங்களே?

நம் பஸ் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கமே இதுதான். "பையைக் கொடுங்க, வெச்சுக்கறேன்" என்று முன்பின் தெரியாதவர் கை நீட்டுவது. டிக்கெட் காசு பத்துக் கை மாறி கண்டக்டரிடம் போய், மீதிச் சில்லறை அதே பத்துக் கை வழியாகச் சரியாகத் திரும்பி வருவதும் அப்படித்தான். இதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது பையில் லேப்டாப் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அதனால் தயங்குகிறார்கள். கையை நீட்டிக் கேளுங்கள், பையைப் பிடித்து இழுக்காதீர்கள். சாப்பாட்டுப் பை, காய்கறிப் பை என்றால் பெரும்பாலும் தருவார்கள். பெண்கள் தோளில் மாட்டியிருக்கும் கைப்பையைக் கேட்க வேண்டாம். குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வது முன்பு சகஜம். இன்று பெற்றோர் யோசிக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. குழந்தையைக் கேட்பதைவிட உங்கள் இடத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

வெளியூர் பஸ்ல மூணு பேர் சீட்டு. ஓரத்துல ஒரு பொண்ணு, மத்த ரெண்டும் காலி. உட்காரலாமா?

வேறு இடம் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் "இங்க உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு, நடுவில் ஓர் இடம் விட்டு உட்காருங்கள். கூட்டம் ஏறினால் நடுவில் ஒரு பெண்ணோ குழந்தையோ உட்காரும்படி பார்த்துக்கொள்ளலாம். கண்டக்டர் வந்து "சார், மாறி உட்காருங்க" என்றால் அவமானப்பட ஒன்றுமில்லை. அவர் தினமும் பார்க்கிற சங்கடத்தைத் தவிர்க்கிறார்.

உட்கார்ந்தபின் முக்கியமானது முழங்கால். காலை அகட்டி வைத்தால் பக்கத்தில் இருப்பவர் ஐந்து மணி நேரம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். தூக்கம் வந்தால் பையை இடையில் வைத்து, முன் சீட்டுக் கம்பியில் தலை சாய்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

ஏற முடியாம கஷ்டப்படறவங்களுக்குக் கை குடுக்கலாமா? தொட்டா தப்பாயிடுமோன்னு பயமா இருக்கு.

பயம் வேண்டாம், கவனம் போதும். "பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டு உங்கள் முன்கையைக் குறுக்காக நீட்டுங்கள். அவர் உங்களைப் பிடிக்கட்டும், நீங்கள் அவரைப் பிடிக்க வேண்டாம். இடுப்பிலும் முதுகிலும் கை கொடுத்துத் தூக்கிவிடுவது நல்லெண்ணத்தில் செய்தாலும் கூடாது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், ஏற்றிவிடுகிறேன் என்ற சாக்கில் பெண் பயணியைத் தவறாகத் தொடும் கண்டக்டர்மீது நடவடிக்கைக்கு வழிசெய்கிறது. கண்டக்டருக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பார்வையில்லாதவருக்கும் இதே முறைதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எந்த பஸ் வருகிறது என்று நம்பரைச் சொல்லி, "கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் "படி" என்று சொல்லுங்கள். அவருடைய வெள்ளைக் கோலை மட்டும் தொடாதீர்கள்.

திருநங்கை பக்கத்துல இடம் இருந்தும் யாரும் உட்கார மாட்டேங்கறாங்க. நான் உட்காரலாமா?

மற்றவர்களிடம் கேட்பதுபோலவே "உட்காரலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அவர் மகளிர் இருக்கையில் இருந்தால் நீங்கள் வேறிடம் பாருங்கள், எந்தப் பெண் பக்கத்திலும் அப்படித்தானே செய்வீர்கள்? முறைத்துப் பார்ப்பது, நண்பனை இடித்துச் சிரிப்பது, பெயரும் சொந்தக் கதையும் கேட்பது எதுவும் வேண்டாம். ஒரு பஸ்ஸே தன்னைச் சுற்றி இடம் விட்டு நிற்பதை அவர் தினமும் பார்க்கிறார்.

மின்சார ரயில்ல ஓடி வந்து தெரியாம லேடீஸ் பெட்டியில ஏறிட்டேன். என்ன செய்யறது?

வாசல் பக்கமே நின்று, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி மாறிவிடுங்கள். உள்ளே போகாதீர்கள். தெரிந்தே ஏறினால் 1989 ரயில்வே சட்டத்தின் 162-ஆம் பிரிவின்படி அபராதம் உண்டு, இறக்கியும் விடுவார்கள்.

ராத்திரி ரயில்ல லோயர் பெர்த்தை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கறாங்க. குடுத்தே ஆகணுமா?

கட்டாயமில்லை. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்க முன்பதிவிலேயே ஏற்பாடு உண்டு. காலி இருந்தால்தான் கிடைக்கும் என்பதால் எழுபது வயதுக்காரருக்கும் சில சமயம் மேல் படுக்கை விழுந்துவிடுகிறது. அப்படி ஒருவர் அந்த ஏணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், உடம்பில் தெம்புள்ளவர் அவர் கேட்கும் முன்பே கொடுத்துவிடலாம். உங்களுக்கு முழங்கால் வலி என்றால் "எனக்கும் ஏற முடியாதுங்க, டிடிஇ வந்ததும் கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

கேட்பவருக்கும் முறை இருக்கிறது. குடும்பத்தோடு வந்து இடத்தில் உட்கார்ந்துவிட்டு, "நீங்க மேல போயிடுங்க" என்று முடிவாகச் சொல்வது கேட்பதில் சேராது. படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்கு முன்னும் பின்னும் கீழ்ப்படுக்கை மூவரும் உட்காரும் இடம். காலை ஆறுக்குப் பிறகு நடுப் படுக்கையை மடக்காமல் தூங்கினால் கீழே இருப்பவர் தலை குனிந்தே இருக்க வேண்டும். நோயாளிகள், கர்ப்பிணிகள் கூடுதலாகப் படுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விதியும் அதைத்தான் சொல்கிறது.

பக்கத்துல சத்தமா ரீல்ஸ் பாக்கறாங்க. எப்படிச் சொல்றது?

"கொஞ்சம் ஹெட்செட் போட்டுக்கறீங்களா?" என்று மெதுவாக ஒரு முறை. கேட்கவில்லையென்றால் பஸ்ஸில் கண்டக்டரிடம், ரயிலில் டிடிஇயிடம் அல்லது ரயில்வே உதவி எண் 139-இல் சொல்லுங்கள்.

ரயில்ல பேச்சுக் குடுத்தவர் எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு, குலசாமி எதுன்னு போய்க்கிட்டே இருக்கார். பெரியவர் கேட்டா பதில் சொல்லணுமா?

ஊரைக் கேட்பது உறவாடுவதற்கு. தெருவையும் குலசாமியையும் கேட்பது சாதி தெரிந்துகொள்வதற்கு. கேட்பவருக்கும் அது தெரியும், உங்களுக்கும் தெரியும். வயதில் பெரியவர் என்பதற்காக நீங்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்தி, "நீங்க எங்க இறங்கறீங்க?" என்று திருப்பிவிடுங்கள். விடாமல் கேட்டால் "அது எதுக்குங்க?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். அநேகமாக அத்தோடு நின்றுவிடும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் யாரிடமும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காதீர்கள். ஆயிரம் பேருக்கு எழுந்து இடம் கொடுத்தவராக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவரைத் தெருப் பெயர் சொல்லக் கூச வைத்தவரை நாகரிகமானவர் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பத்தரைக்கு பஸ் ஸ்டாப்ல ஒரு பொண்ணு தனியா நின்னா, துணைக்கு நிக்கறதா, விலகிப் போறதா?

தெரிந்தவர் என்றால் கேளுங்கள்: "பஸ் வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?" வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் மேலே அடிப்படை என்று சொன்னது இங்கேதான் மிகவும் பொருந்தும். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பதை ஒரு முறைக்கு மேல் சொல்லாதீர்கள்.

தெரியாதவர் என்றால் பத்தடி தள்ளி, வெளிச்சத்தில், அவர் பார்வையில் படும்படி நில்லுங்கள். பின்னால் போய் நிற்கக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போன் போட்டு "அம்மா, பஸ்ஸுக்கு நிக்கறேன்" என்று அவர் காதில் விழப் பேசினால், உங்களைப் பற்றிய பயம் பாதி குறையும். ஒரே தெருவில் நடக்க நேர்ந்தால் எதிர்ப் பக்கம் மாறிக்கொள்ளுங்கள், அல்லது நின்று அவரை முன்னே போகவிடுங்கள்.

கூட்டத்துல ஒருத்தன் ஒரு பொண்ணை இடிச்சுக்கிட்டே நிக்கறான். போய் அடிச்சுடலாமா?

அடிக்க வேண்டாம். தர்ம அடி ஆரம்பித்தால் அந்தப் பெண் நடுவில் மாட்டிக்கொள்வார். பஸ் முழுக்க அவரை வேடிக்கை பார்க்கும், அவன் கூட்டத்தோடு இறங்கி ஓடிவிடுவான். முதலில் இருவருக்கும் இடையில் போய் நின்றுகொள்ளுங்கள். "கொஞ்சம் தள்ளுங்கண்ணே, உள்ள போகணும்" என்று நுழைந்தால் போதும். பிறகு அந்தப் பெண்ணிடம் "கண்டக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள். என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். போனை எடுத்து வீடியோ பிடித்தால் அவர் முகமும் ஊர் முழுக்கச் சுற்றும்.

அவர் புகார் சொன்னால் நீங்கள் உறுதியாகக் கூட நில்லுங்கள். மேலே சொன்ன 2022 விதித் திருத்தத்தில் முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாம் குற்றமாகச் சேர்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பயணியை இறக்கிவிடவோ, வழியில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரம் இருக்கிறது. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இந்தத் தொல்லையால் உயிரிழந்த பிறகு வந்த தனிச் சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. "நான் பார்த்தேன்" என்று சாட்சி சொல்ல ஒரு ஆள் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? அதற்காக அரை நாள் லீவு போட நேர்ந்தாலும் போடுங்கள்.

எங்க அப்பா ஊர்லேருந்து வந்தா, பஸ்ல ஏறினதும் சின்னப் பசங்களை "எழுந்திருடா"ன்னு அதட்டறார். எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அவர்கிட்ட எப்படிச் சொல்ல?

பஸ்ஸுக்குள் சொல்லாதீர்கள். நாலு பேர் முன்னால் மகன் திருத்தினால் அவருக்குத் தாங்காது. அவர் காலத்தில், அவர் ஊரில், எல்லாப் பிள்ளைகளும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். அந்த உரிமையில் வருகிற அதட்டல் அது. இங்கே அந்தப் பையனுக்கு அவர் யாரோ.

அவருக்கு முன்னால் நீங்கள் ஏறி, "தம்பி, அப்பாவுக்குக் கொஞ்சம் இடம் தர்றீங்களா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அதட்டுவதற்கு வேலையே இருக்காது. எப்படியும் அவர் முந்திக்கொண்டார் என்றால், இறங்கும்போது அந்தப் பையன் பக்கம் திரும்பி "தேங்க்ஸ் தம்பி" என்று நீங்கள் சொல்லுங்கள். அப்பா காதில் விழும்படியே சொல்லுங்கள்.